ஸ்டுட்கார்ட்: மேனேஜர் தொல்லை தாங்க முடியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

திருச்சிப்பெண் (செவ்வாய் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. கார் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் இடம், டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள், மேனேஜரை நினைத்து ஒரு நாளும் அழுததில்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது.

அவர் எதையும் எழுத்தில் தரமாட்டார். காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு "அதை முதலில் முடி" என்பார். முடித்துக்கொண்டு போனால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "இதை யார் கேட்டது?" என்பார். டீம்ஸில் என் பெயர் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளானால் போதும், "இருக்கிறாயா?" என்று மெசேஜ் வந்துவிடும். லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போன நாள் உண்டு. மூன்று வாரம் உட்கார்ந்து நான் போட்ட ரிப்போர்ட்டில் முதல் பக்கத்திலிருந்த என் பெயரை எடுத்துவிட்டு மேலிடத்தில் காட்டினார். அதில் ஒரு தப்பு வெளியே வந்ததும் என் பெயரைச் சொல்லிவிட்டார். வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேச காலண்டரில் நேரம் ஒதுக்கியிருக்கிறார், ஏழு வாரமாகத் தள்ளிக்கொண்டே போகிறார். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு போன் மட்டும் வந்துவிடும்.

போன வாரம் மீட்டிங் நடுவில் தலை சுற்றி எழுந்து வெளியே போனேன். அதற்கும் "உனக்கு ஆர்வம் இல்லை" என்றார். நேரில் உட்கார்ந்து பேசினால் மாறுவாரா, எச்ஆரிடம் போகலாமா? வீட்டுக்காரர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, என் சம்பளத்தில்தான் வாடகை. ஒரு தாள் கொடுத்து வெள்ளிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் ஒரு முடிவு எடுக்கணும். ப்ளீஸ், யாராவது சொல்லுங்கள்.

மயிலை டு மியூனிக்

நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் 2016 ஜனவரிதான் கண் முன்னால் வந்தது. மைனஸ் எட்டு டிகிரி, கையில் ஒரு பெட்டி, பத்து நாளைக்கு ஒரு வாடகை அறை என்று மூன்று மாதம் ஊருக்குள்ளேயே நாடோடியாகத் திரிந்தேன். வீட்டு முகவரியைப் பதிவு செய்தால்தான் வரி எண் வரும், வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால்தான் பதிவு செய்ய முடியும், வரி எண் போய்ச் சேராததால் முதல் மாதச் சம்பளத்தில் அதிகபட்ச வரியைப் பிடித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கும் இதே மாதிரி ஒரு மேனேஜர். மெயிலில் கமா தப்பாக இருந்தால் திருப்பி அனுப்புவார்.

நான் செய்தது ஒன்றுதான். அவர் வாயால் சொன்ன எதையும் பத்து நிமிடத்துக்குள் மெயிலாக அனுப்பிவிடுவேன். "நாம் இப்போது பேசியபடி முதலில் இது, பிறகு அது, புதன்கிழமைக்குள் முடிக்கிறேன், மாற்றம் இருந்தால் சொல்லவும்." இரண்டு மாதத்தில் "யார் கேட்டது" என்ற கேள்வி நின்றுபோனது. நாளையிலிருந்தே ஆரம்பியுங்கள். பொறுமையாக இருங்கள், ஒரு வருஷம் தாண்டினால் பழகிவிடும்.

பெர்லின் தம்பி

மேலே அண்ணன் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மெயில் அனுப்பினால் "என்னை வேவு பார்க்கிறாயா" என்று இன்னும் கடுப்பாகும் ஆள்தான் இவர். அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்கும் மேனேஜர் திருந்தி நான் பார்த்ததில்லை. நானும் ஒரு வருஷம் பொறுத்தேன், பிரஷர் மாத்திரைதான் மிச்சம். அப்போது எனக்கு 31 வயது. இன்றைக்கே லிங்க்ட்இன்னைத் திறந்து வேறு வேலை தேடுங்கள், கிடைத்ததும் கிளம்புங்கள். எச்ஆரிடம் மட்டும் போய் அழாதீர்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனிதான்.

ஹம் அண்ணை

பிள்ளை, நான் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி வழக்குப் போட்டவன். வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவே கடிதம் வேணும். பிறகு அனுமதி கிடைத்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார், விரலைச் சொடுக்குவார். பதினொரு வருடம் அங்கே நின்றேன். இன்றைக்கு என்ர மகள் வக்கீலுக்குப் படிக்கிறாள்.

உங்களைப் போலப் படித்த பிள்ளைகள் மனம் உடைந்துபோகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இங்கே ஆக்கள் முகத்துக்கு நேரே கதைப்பார்கள், அதைக் கோபமென்று எடுக்க வேண்டாம். டொச் நல்லாப் படியுங்கோ. மொழி தெரிந்தால் பாதிப் பிரச்சனை போய்விடும்.

கோவைக்காரி ஃபிராங்க்ஃபர்ட்

அண்ணா, நேரடியாகப் பேசுவது வேறு, பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்துவது வேறு. ஜெர்மன் தெரிந்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. நான் சி1 என்ற உயர்நிலை ஜெர்மன் தேர்வு முடித்தவள். என் மேனேஜர் நம்ம ஊர்க்காரர், தமிழில்தான் திட்டினார். "நான் வந்த புதிதில் ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்தேன், உங்களுக்கெல்லாம் சொகுசு" என்று ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பிரசங்கம். அப்பாவுக்கு ஆஞ்சியோ என்று ஊருக்குப் போக லீவு கேட்டதற்கு "வேறு பிள்ளைகள் இல்லையா" என்று கேட்டார். ஆறு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் மறக்க முடியவில்லை.

பெர்லின் தம்பி

நம்ம ஆள், அவங்க ஆள் என்றெல்லாம் இல்லை அக்கா. மேலே பயம், கீழே அதிகாரம், இந்த இரண்டும் சேர்ந்த ஆள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இப்படித்தான் இருப்பார். என்னுடையவர் ஹம்பர்க்காரர். டீமில் யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது, அதனால்தான் மணிக்கு ஒரு தரம் ஸ்டேட்டஸ் கேட்பார்.

மயிலை டு மியூனிக்

இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் ஆகிவிட்டது. விசா ஆபீசுக்கு மெயில் போட்டு நான்கு மாதம், பதில் இல்லை. குழந்தைக்குக் கிண்டர்கார்டனில் இடம் இல்லை. ஸ்கின் டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்கணும். வரி மட்டும் நாள் தவறாமல் பிடிக்கிறார்கள்.

கோவைக்காரி ஃபிராங்க்ஃபர்ட்

ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் மூடிவிடுகிறார்கள், பால் வாங்கணும் என்றால்கூட ஸ்டேஷனுக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

ஹைல்பிரான் நர்ஸ்

எல்லோரும் மன்னிக்கணும், அந்தப் பெண் கடைசி வரியில் எழுதியதை யாரும் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டிய அந்தத் தாள் என்ன? அது தெரியாமல் மேனேஜர் குணத்தைப் பற்றி எவ்வளவு பேசியும் பயனில்லை.

தங்கச்சி, தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது? ஒப்பந்தம் நிரந்தரமா, இத்தனை தேதி வரை என்று இருக்கிறதா? என்ன விசா? ப்ரோபேட்சைட், அதாவது தகுதிகாண் காலம், எத்தனை மாதம்? இன்னொன்று, கேட்கக் கூடாததுதான், கோபித்துக்கொள்ளாதே. தலை சுற்றல் என்று எழுதியிருக்கிறாய். நாள் தள்ளிப்போயிருக்கிறதா?

திருச்சிப்பெண் (புதன் காலை)

அக்கா, ராத்திரி உங்கள் பதிலைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

தலைப்பில் அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்று இருக்கிறது, இரண்டு பக்கமும் சம்மதித்து வேலையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தமாம். போன வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு "சின்னதாக ஒரு பேச்சு" என்று கூப்பிட்டார்கள், போனால் மேனேஜரும் எச்ஆர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். தாளை என் பக்கம் தள்ளி அதன் மேல் பேனாவையும் வைத்தார்கள். "வேலையிலிருந்து நீக்கினோம் என்று இருக்காது, நீயாகச் சம்மதித்துப் போனதாக இருக்கும், உனக்குத்தான் நல்லது" என்றார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எடுத்து வந்துவிட்டேன். ஒப்பந்தம் நிரந்தரம், ப்ரோபேட்சைட் ஆறு மாதம், விசா ப்ளூ கார்டு (படித்தவர்களுக்கான வேலை விசா).

எட்டாவது வாரம் அக்கா. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆபீசில் தெரிந்தால் உடனே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் இங்கேயும் எழுதவில்லை.

பெர்லின் தம்பி

கையெழுத்துப் போடாதீர்கள்! சம்மதித்துப் போனால் வேலையில்லாதோர் உதவித்தொகையை 12 வாரம் நிறுத்திவிடுவார்கள்.

மயிலை டு மியூனிக்

தம்பி, அந்த உதவித்தொகைக்கு இங்கே குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்கணும், இவருக்கு ஐந்து மாதம்தான். எப்படியும் கிடைக்காது. இன்னொன்று, ப்ரோபேட்சைட்டில் காரணமே சொல்லாமல் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பலாம். போராடிப் பயனில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நல்ல சான்றிதழாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே.

ஹைல்பிரான் நர்ஸ்

இல்லை அண்ணா, இவர் விஷயத்தில் அது தப்பு. எனக்கே 2021இல் நடந்தது, அதனால் உறுதியாகச் சொல்கிறேன். கர்ப்பம் ஆன நாளிலிருந்து பிரசவமாகி நாலு மாதம் வரை வேலையிலிருந்து நீக்கத் தடை இருக்கிறது. ப்ரோபேட்சைட்டிலும் அந்தத் தடை உண்டு. நீக்கியே ஆக வேண்டுமென்றால் மாநில அதிகாரியிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், அதை அபூர்வமாகத்தான் தருவார்கள்.

ஆனால் தங்கச்சி, அந்தப் பாதுகாப்பு அவர்கள் உன்னை நீக்கினால்தான். நீயே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் கர்ப்பமாக இருந்தாலும் அந்தத் தாள் செல்லும். பிறகு அதை உடைப்பது மிகவும் கஷ்டம். வெள்ளிக்கிழமை என்பது அவர்களாக வைத்த கெடு, அந்தத் தேதியை மதித்தே ஆகணும் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. "வக்கீலிடம் காட்டாமல் போடமாட்டேன்" என்று ஒரு வரி போதும். அதற்குக் காரணம் கேட்டாலும் சொல்லாதே.

இன்றைக்கே மகப்பேறு டாக்டருக்கு போன் பண்ணு. அவசரம், வேலை விஷயம் என்று சொன்னால் இடையில் எடுத்துக்கொள்வார்கள். முட்டர்பாஸ் என்று சின்னப் புத்தகம் தருவார்கள், அதை ஆபீசில் காட்டாதே, அதில் உன் உடம்பு விவரம் எல்லாம் இருக்கும். பிரசவத் தேதி மட்டும் போட்ட தனிச் சான்றிதழ் கேள். கம்பெனி அந்தச் சான்றிதழைக் கேட்டால் அதற்கான செலவு கம்பெனியுடையது. கர்ப்பம் என்று எச்ஆருக்கு எழுத்தில் சொல்லிவிடு, மேனேஜரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதே. ஒருவேளை அதற்குள் நீக்கிய கடிதம் வந்துவிட்டாலும் கைக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் சொன்னால் தடை பொருந்தும். கோர்ட்டுக்குப் போக மூன்று வாரம்தான் நேரம், அதைத் தவறவிடாதே. நீக்கும் கடிதம் தாளில் மையால் கையெழுத்துப் போட்டு வர வேண்டும். மெயிலில், வாட்ஸப்பில் வந்தால் செல்லாது.

ராத்திரி ஒன்பது மணி போன் என்றாயே. கர்ப்பிணிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலை கொடுக்கக் கூடாது. அவளே சம்மதித்து, டாக்டரும் சரி என்றால் பத்து மணி வரை, அதுவும் முறைப்படி அனுமதி வாங்கி. ஒரு நாளைக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேலும் கூடாது. எச்ஆருக்குத் தெரிந்துவிட்டால் அந்த போனை நிறுத்த வேண்டியது அவர்கள் பொறுப்பு.

கோவைக்காரி ஃபிராங்க்ஃபர்ட்

பெட்ரீப்ஸ்ராட் இருக்கிறதா என்று பார். ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் குழு அது. யாரை நீக்கினாலும் அவர்களிடம் முதலில் கருத்துக் கேட்கணும், கேட்காமல் நீக்கினால் செல்லாது. நான் தமிழ் மேனேஜரோடு பட்டபோது அங்கேதான் போனேன், போன பிறகு லீவுப் பிரசங்கம் ஒரு நாளும் வரவில்லை. வக்கீலிடம் முதல் ஆலோசனைக்கு 190 யூரோவும் அதன் மேல் வரியும்தான் உச்சவரம்பு. போகும் முன் தொகையைக் கேட்டுக்கொள். லீகல் இன்சூரன்ஸ் இப்போது எடுத்தால் இந்தப் பிரச்சனைக்கு உதவாது, நடந்துகொண்டிருக்கும் வழக்கை எடுக்கமாட்டார்கள்.

மயிலை டு மியூனிக்

மன்னிக்கணும் தங்கச்சி, முழு விவரம் தெரியாமல் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டேன். விசாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் 12 மாதத்தில் ப்ளூ கார்டில் கம்பெனி மாறினால் ஆஸ்லெண்டர்பெஹோர்டே என்ற விசா ஆபீசுக்கு எழுத வேண்டும், அவர்கள் 30 நாள் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். வேலை போனாலும் இரண்டு வாரத்துக்குள் நாமே தெரிவிக்கணும். எனக்கு 2019இல் வேலை போனபோது தேட மூன்று மாதம் கொடுத்தார்கள். அந்த மெயில் யோசனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், யார் முன்னால் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதை வீட்டில் வையுங்கள், ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம்.

ஹம் அண்ணை

பிள்ளை, வக்கீலிடம் தனியாகப் போக வேண்டாம். உங்கட வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கோ. டொச்சில் கதைக்க ஆள் வேணுமென்றால் ஸ்டுட்கார்ட்டில் எனக்குத் தெரிந்த குடும்பம் இருக்கிறது, சொல்லுங்கோ.

திருச்சிப்பெண் (வியாழன் இரவு)

டாக்டர் இன்று காலை எட்டு மணிக்கே பார்த்தார். இதயத் துடிப்பு கேட்டது. சான்றிதழை ஸ்கேன் செய்து எச்ஆருக்கும் பெட்ரீப்ஸ்ராட்டுக்கும் அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை என்று இரண்டே வரி எழுதினேன். மதியம் எச்ஆர் அம்மா போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கொடுக்கட்டுமா?

ஹைல்பிரான் நர்ஸ்

கொடுக்காதே. போட்டோ எடுத்து வை. மூலத்தை வக்கீலிடம் காட்டும் வரை உன்னிடமே இருக்கட்டும். சாப்பிட்டாயா?

திருச்சிப்பெண்

ரசம் சாதம். ரொம்ப நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் வயிற்றில் தங்கியது. வக்கீல் திங்கட்கிழமை பத்தரைக்கு. ஹம் அண்ணா, அந்தக் குடும்பத்திடம் கேட்டுச் சொல்கிறீர்களா?