லாகவூலின் மாதிரி புகை வேண்டும், அந்த விலை வேண்டாம்: எதை வாங்கலாம்?

அரைப்பெக்:

வணக்கம் நண்பர்களே. நான் ரொம்ப காலமாக பிளாக் லேபிள் ஸ்காட்ச் விஸ்கி குடிக்கிறவன். அதில் கடைசியில் லேசாக ஒரு புகை வரும் இல்லையா, அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சமீபத்தில் ஒருவர் லாகவூலின் 16 (16 வருடம் பீப்பாயில் இருந்த, புகை வாசமுள்ள ஸ்காட்ச்) ஊற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் எதைக் குடித்தாலும் என்னவோ குறைகிறது. ஆனால் அந்த விலை அடிக்கடி வாங்கக் கட்டுப்படியாகாது.

சரி, மலிவாக ஒன்று பார்ப்போம் என்று, அட்டையில் "பீட்டட்" (பீட் புகை போட்டது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு சிங்கிள் மால்ட் (ஒரே டிஸ்டில்லரியில், அதாவது வடிப்பாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்த விஸ்கி) வாங்கினேன். பெயர் வேண்டாம். மூடியைத் திறந்ததும் புகை வந்தது. வாயில் வைத்தால் தித்திப்பும் தண்ணீரும்தான். விழுங்கிய பிறகு நாக்கில் எதுவும் நிற்கவில்லை.

அடுத்ததாவது உருப்படியாக வாங்க வேண்டும். பிபிஎம் என்று ஒரு எண் சொல்கிறார்களே, அது அதிகமாக இருப்பதைப் பார்த்து வாங்கினால் போதுமா? இல்லை, வயதைப் பார்க்க வேண்டுமா? கொடுக்கிற காசுக்கு மோசம் போகாத ஒரு பாட்டில் சொல்லுங்கள்.

ஓசிகிளாஸ்:

ஆர்ட்பெக் 10. முடிந்தது கதை.

பீப்பாய்க்காரன்:

ஆர்ட்பெக் 10 நல்ல பாட்டில்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே.

பிபிஎம் எண்ணை நம்பி வாங்காதீர்கள். பார்லியை முளைகட்டி, பீட் (சதுப்பில் செடிகள் மட்கி உருவான கரிமண்) எரித்த புகையில் காயவைக்கும்போது ஃபீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தின் உமியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது அந்தக் காய்ந்த மால்ட்டில் எடுத்த அளவு. பாட்டிலுக்குள் இருப்பதன் அளவு இல்லை. ஊறவைக்கும்போது கொஞ்சம் போகும், வடிக்கும்போது நிறையப் போகும், பீப்பாயில் கிடக்கும் வருடங்களில் இன்னும் கொஞ்சம் மங்கும்.

இதற்கு உங்கள் லாகவூலினே சாட்சி. லாகவூலினும் கல் ஈலாவும் டியாஜியோ நிறுவனத்தின் டிஸ்டில்லரிகள். இரண்டுக்கும் மால்ட் வருவது ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் போர்ட் எல்லன் ஊரில் இருக்கும் ஒரே மால்ட் ஆலையிலிருந்து. இரண்டுக்கும் சுமார் 35 பிபிஎம்தான். ஆனால் கிளாஸில் ஊற்றினால் லாகவூலின் கனமாக, எண்ணெய்ப் பதமாக இருக்கும். கல் ஈலா மெலிசாக, எலுமிச்சைத் தோல் வாசத்தோடு சுத்தமாக இருக்கும். செப்புக் கலத்தின் வடிவம், அதை எவ்வளவு நிரப்புகிறார்கள், எந்த நேரத்தில் வடிப்பை நிறுத்துகிறார்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது. கடைசி விஷயம் முக்கியம். புகைச் சேர்மங்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் அதிகமாக வரும். ஒரு டிஸ்டில்லரி கொஞ்சம் தாமதமாக வடிப்பை நிறுத்தினால் அதே மால்ட்டிலிருந்து கூடுதல் புகை கிடைக்கும்.

ஆக்டோமோர் என்று ஒன்று உண்டு, ஐலாவின் ப்ரூக்லாடி டிஸ்டில்லரியில் செய்வது. அதில் 8.3 என்ற வெளியீட்டின் மால்ட் 309 பிபிஎம். அதற்காக அது லாகவூலினைப் போல ஒன்பது மடங்கு புகையவில்லை. எண்ணுக்குத்தான் அங்கே பாதி காசு என்பது என் எண்ணம்.

மால்ட்மாமா:

மேலே தம்பி சொன்னது சரி. நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். அரைப்பெக், உங்களுக்கு எந்தப் புகை வேண்டும்?

புகை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அது ஒன்று இல்லை. லஃப்ராய்க் 10 முகர்ந்தால் டிஞ்சர் வாசம், புதுக் கட்டுத்துணி, ஆஸ்பத்திரி வராந்தா. அது க்ரீசால் வகைச் சேர்மங்களின் வேலை. ஆர்ட்பெக்கில் கரியும் தாரும், கூடவே எலுமிச்சை. டாலிஸ்கரில் உப்பும், தொண்டை இறங்கும்போது மிளகுக் காரமும். அது ஐலா இல்லை, ஸ்கை தீவு. மல் தீவில் டோபர்மோரி டிஸ்டில்லரி செய்யும் லெட்சிக் 10 கொஞ்சம் அழுக்கான புகை, புகைபோட்ட இறைச்சி மாதிரி. சிலருக்கு ஆகவே ஆகாது. எனக்கு உயிர். ஸ்காட்லாந்தின் மெயின்லேண்ட் பக்கம் ஆர்ட்மோர், பென்ரோமாக் போன்றவற்றில் கடல் வாடையே இருக்காது. அணைந்த விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி மண்ணும் மரமுமான புகை. ஐலாவில் மரம் குறைவு. அங்கே பீட்டாக மாறியது பெரும்பாலும் பாசியும் ஹெதர் செடியும். ஹைலேண்ட் (மெயின்லேண்டின் மலைப்பகுதி) பீட்டில் மரக்கூறு அதிகம். வாசம் வேறுபட அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் ஏமாந்த பாட்டில் இந்த மரப்புகை வகையாக இருந்திருக்கும். நீங்கள் தேடுவது வேறு வகை. எது பிடித்தது என்று சொல்லுங்கள், அப்புறம் பாட்டில் பேசலாம்.

அரைப்பெக்:

விளக்கத்துக்கு நன்றி மாமா. லஃப்ராய்க் ஒரு முறை ஒரு வாய் குடித்திருக்கிறேன், அந்த டிஞ்சர் எனக்கு ஒத்துவரவில்லை. லாகவூலினில் பிடித்தது சாம்பலும், அதோடு வரும் லேசான தித்திப்பும், விழுங்கிய பிறகு ரொம்ப நேரம் நின்றதும்தான். இறைச்சி வாசம் வந்தால் பரவாயில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம்.

நான் வாங்கிய பாட்டிலை மறுபடி பார்த்தேன். ஆல்கஹால் 40 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வயது போடவில்லை.

பீப்பாய்க்காரன்:

40 என்று சொன்னீர்களே, அதுதான் பிரச்சினையின் பாதி. ஸ்காட்ச் என்று விற்கச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவே 40தான். அதற்கு மேல் அங்கே தண்ணீர் சேர்க்க இடமில்லை. குறைந்த சதவீதத்தில் அடைக்கும்போது பொதுவாகக் குளிரவைத்து வடிகட்டுவார்கள். இல்லையென்றால் குளிரில் கலங்கும், வாங்குகிறவர் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவார். அந்த வடிகட்டலில் போவது கொழுப்பமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும். வாயில் வழவழப்பைக் கொடுப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 46-க்கு மேல் அந்தக் கலங்கல் அவ்வளவாக வராது என்பதால் வடிகட்டாமலே அடைக்கலாம். அட்டையில் 46 தென்பட்டால் நான் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது அதனால்தான்.

காசுக் கணக்கும் போட்டுப் பாருங்கள். 700 மில்லி பாட்டில், 50 சதவீதம் என்றால் உள்ளே சுத்த ஆல்கஹால் 350 மில்லி. அதையே 40-க்கு நீங்கள் தண்ணீர் விட்டு இறக்கினால் கிடைப்பது 875 மில்லி. 46 என்றால் 805. அதாவது 40 சதவீதப் பாட்டிலைவிட 50 சதவீதப் பாட்டில் கால் பங்கு விலை கூடுதலாக இருந்தாலும் சரக்கு சமம்தான். தண்ணீருக்குக் காசு கொடுப்பதைவிட அதை நம் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். போர்ட் ஷார்லட் 10 சரியாக 50 சதவீதம். விலையைப் பார்த்து மிரளும் ஆட்கள் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள்.

பாட்டில் அளவையும் பாருங்கள். சில நாடுகளில் 700 மில்லி, சிலவற்றில் 750, விமான நிலையங்களில் லிட்டர். மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்காமல் ஒப்பிட வேண்டாம்.

தீவுவாசி:

46 என்றால்தான் விஸ்கி என்று இங்கே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. லாகவூலின் 16 எத்தனை? 43. அரைப்பெக் மயங்கியது அந்த 43-ல்தான். கல் ஈலா 12-ம் 43தான். அது மெலிசு என்று தம்பியே சொல்கிறார், ஆனால் தண்ணீராக இல்லை. எண்ணைப் பார்த்து மட்டும் வாங்குவது பிபிஎம் பார்த்து வாங்குவதைவிடப் பெரிய உயர்வு இல்லை.

அரைப்பெக், நீங்கள் பிளாக் லேபிளில் விரும்பிய புகை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பங்கு கல் ஈலாதான். ஐலாவின் பெரிய டிஸ்டில்லரி அது, சரக்கில் பெரும்பகுதி பிளாக் லேபிள் மாதிரி கலவை விஸ்கிகளுக்குப் போகிறது. நீங்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் பழகியவர். மற்ற எதையும் முயல்வதற்கு முன் கல் ஈலா 12 முயலுங்கள்.

ஓசிகிளாஸ்:

ஆர்ட்பெக் 10, 46 சதவீதம், குளிர்வடிகட்டல் இல்லை. சும்மா நினைவூட்டினேன்.

மால்ட்மாமா:

வயது பற்றி யாரும் பேசவில்லை. அட்டையில் போடும் வயது உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது. மூன்று வருடம் ஓக் பீப்பாயில் இருந்தால் ஸ்காட்ச். மற்ற மால்ட்டில் வயது கூடினால் நல்லது என்று சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். பீட் சரக்கில் அது தலைகீழாகவும் போகும். இளசில்தான் புகை முரட்டுத்தனமாக இருக்கும், வயதாக ஆக அடங்கும். அதனால் குறைந்த காசுக்குப் புகை தேடுகிறவர் சின்ன வயதுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆர்ட்பெக் வீ பீஸ்டி ஐந்து வயதுதான், 47.4 சதவீதம். லாகவூலின் 8 என்று ஒன்று இருக்கிறது, 48 சதவீதம். அந்த டிஸ்டில்லரியின் 200-வது ஆண்டான 2016-ல் கொண்டுவந்தார்கள். 16-ல் இருக்கும் ஷெர்ரி ஒயின் மாதிரியான தித்திப்பும் உருண்ட தன்மையும் இதில் கிடையாது, வெளிறிய நிறம். ஆனால் சாம்பல் அதே வீட்டுச் சாம்பல். 16-ஐவிட விலை குறைவாகக் கிடைத்தால் விடாதீர்கள். சில இடங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வரும். அப்போது பேசாமல் 16-ஐயே எடுங்கள்.

நிறத்தைப் பார்த்து வயதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்காட்ச்சில் சாதாரணக் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. ஜெர்மனியில் அதைச் சேர்த்தால் அட்டையில் சொல்லியே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் ஜெர்மன் அட்டையின் படத்தைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம்.

தீவுவாசி:

இன்னொரு வழியும் இருக்கிறது. டிஸ்டில்லரி பெயரே போடாமல் வரும் ஐலா சிங்கிள் மால்ட்டுகள்: ஸ்மோக்ஹெட், ஃபின்லாகன் மாதிரி. எந்த டிஸ்டில்லரி என்று சொல்ல மாட்டார்கள், சொல்லாததால்தான் விலை இறங்குகிறது. தொகுதிக்குத் தொகுதி மாறலாம் என்பது ஒன்றுதான் ஆபத்து. சிங்கிள் மால்ட்டே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் பிக் பீட் பாருங்கள். ஐலா மால்ட்டுகளை மட்டும் கலந்தது, தானிய விஸ்கி ஒரு சொட்டு கிடையாது, 46 சதவீதம்.

அரைப்பெக்:

எல்லோருக்கும் நன்றி. ஆர்ட்பெக், கல் ஈலா இரண்டின் 50 மில்லி குட்டிப் பாட்டில்கள் கிடைத்தன, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தேன். ஆர்ட்பெக் முதல் வாய்க்கு ஆளை உலுக்கிவிட்டது. ஆனால் நான் திரும்பத் திரும்பக் கை வைத்தது கல் ஈலாவில். கொஞ்சம் தண்ணீர் விட்டதும் தித்திப்பும் புகையும் மேலே வந்தன. அதனால் பெரிய பாட்டில் கல் ஈலா 12. ஓசிகிளாஸ் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீர் விட்டதும் ஏன் புகை கூடின மாதிரி இருந்தது? பிரமையா? அப்புறம் அந்தப் பழைய தித்திப்புப் பாட்டிலை என்ன செய்ய?

ஓசிகிளாஸ்:

கோபம் இல்லை. மிச்ச ஆர்ட்பெக்கை என் பக்கம் தள்ளுங்கள்.

பீப்பாய்க்காரன்:

பிரமை என்று சொல்ல மாட்டேன். புகை வாசத்துக்கு முக்கியமான ஒரு சேர்மம் குவாயகால். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் 2017-ல் இதைக் கணினியில் உருவகம் செய்து பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருந்தால் குவாயகால் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. அதனால் வலுவான பாட்டிலை ராவாக அடிப்பது வீரம்தானே தவிர அதில் ருசி கூடும் என்று இல்லை. சொட்டுச் சொட்டாக விட்டு முகர்ந்து பாருங்கள், ஒரே ஊற்றாக வேண்டாம்.

பழைய பாட்டிலுக்கு: ஒரு பெக் எடுத்து அதில் கல் ஈலா ஒரு தேக்கரண்டி விடுங்கள். அதுவே போதும், நல்ல புகை கொடுத்துவிடும். இல்லையென்றால் நிறைய ஐஸ் போட்டு சோடாவில் முடித்துவிடுங்கள்.

திறந்த பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், இருட்டில். படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் சில மாதங்களில் முதலில் மங்குவது புகைதான். மெதுவாகக் குடிக்கிறவர் என்றால் மிச்சத்தைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.