ஸ்பீக்கர் அளக்க மலிவான மைக்: யூஎஸ்பியா, எக்ஸ்எல்ஆரா?

ஜெயநகர்_சாலிடர்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலேயே ஒரு டூ-வே ஸ்பீக்கர் செஞ்சுக்கிட்டிருக்கேன். கீழ் ஒலிக்கு ஆறரை இஞ்ச் வூஃபர், மேல் ஒலிக்கு ஒரு இஞ்ச் டோம் ட்வீட்டர், ரெண்டுக்கும் ஒலியைப் பிரிச்சுக் குடுக்கற கிராஸ்ஓவர் 2500 ஹெர்ட்ஸ் பக்கம். காதை மட்டும் நம்பி முடிக்க மனசில்ல, ஆர்இடபிள்யூ (REW) சாஃப்ட்வேர் போட்டு, மைக் வச்சு அளந்து செய்யணும். பாட்டு ரெக்கார்டிங்குக்கு வாங்கின, மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற ரெண்டு சேனல் இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே கையில இருக்கு. கம்ப்யூட்டர்ல நேரா சொருகற யூஎஸ்பி மைக்கான மினிடிஎஸ்பி யூமிக்-1 வாங்கலாமா? இல்ல பெரிஞ்சர் இசிஎம்8000, டேட்டன் இஎம்எம்-6 மாதிரி இன்டர்ஃபேஸ்ல சொருகற எக்ஸ்எல்ஆர் மைக் போதுமா? பட்ஜெட் ரொம்பக் கம்மி. பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்ல ஏதாவது தேறுமா?

அல்சூர்_காது:
யூமிக்-1 வாங்குங்க சார், யோசிக்கவே வேணாம். சீரியல் நம்பரைப் போட்டா உங்க மைக்குக்குன்னே எடுத்த கேலிபரேஷன் ஃபைல் (மைக்கோட குறையைச் சரிக்கட்டற ஃபைல்) இறங்கும், மைக்கை ஸ்பீக்கரை நோக்கி நீட்டற 0 டிகிரிக்கு ஒண்ணு, மேல பாத்து நிறுத்தற 90 டிகிரிக்கு ஒண்ணு. சென்சிட்டிவிட்டியும் அதிலேயே இருக்கு, அதனால ஆர்இடபிள்யூ டெசிபல் அளவையும் நேரா காட்டிடும். 94 டெசிபல் ஒலி குடுத்து மைக்கைச் சரிபாக்கற கேலிபரேட்டர் தனியா வாங்கற வேலை இல்ல. இசிஎம்8000-க்கு அப்படித் தனி ஃபைல் கிடையாது. நெட்ல யாரோ ஏத்தி வச்ச ஃபைலைப் போட்டா அது அவர் மைக்கோட கர்வ், உங்களோடது இல்ல. 5000 ஹெர்ட்ஸுக்கு மேல மைக்குக்கு மைக் மாறும். ட்வீட்டர் லெவலை அதை வச்சா முடிவு பண்ணுவீங்க?

கோரமங்கலா_வூஃபர்:
இசிஎம்8000 பத்திச் சொன்னது சரி. ஆனா எக்ஸ்எல்ஆர்னாலே ஃபைல் இல்லாத மைக்னு ஆகாது. டேட்டன் இஎம்எம்-6-க்கும் சீரியல் நம்பர்படி தனி ஃபைல் இருக்கு. அவர் கேட்டதும் ரூம் கரெக்ஷனுக்கு இல்ல, கிராஸ்ஓவருக்கு. கிராஸ்ஓவர்னா லெவல் பாதி, நேரம் பாதி.

2500 ஹெர்ட்ஸ்ல ஒரு முழுச் சுற்று 0.4 மில்லிசெகண்ட். 0.1 மில்லிசெகண்ட் தப்பினா ஃபேஸ், அதாவது அந்தச் சுற்றுல அலை நிக்கற இடம், 90 டிகிரி போச்சு. அந்த நேரத்துல ஒலி போற தூரம் மூணரை சென்டிமீட்டர் கூட இல்ல. வூஃபரோட கோனும் ட்வீட்டர் டோமும் முன்னும் பின்னுமா நிக்கிறதே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

யூஎஸ்பி மைக்ல மைக்குக்கு ஒரு கடிகாரம், ஒலி அனுப்பற கருவிக்கு வேற கடிகாரம். டைமிங் ரெஃபரன்ஸ் (நேரத்தை ஒப்பிட ஒரு அடையாளம்) வைக்காம அளந்தா ஆர்இடபிள்யூ வூஃபர், ட்வீட்டர்னு ஒவ்வொரு டிரைவரோட இம்பல்ஸ் (ஒலித் துடிப்பு) உச்சியையும் பூஜ்யத்துல கொண்டு வந்து நிறுத்திடும். ரெண்டுக்கும் நடுவுல இருந்த நேர வித்தியாசம் காணாமப் போயிடும், அதுதான் நமக்கு வேண்டிய தகவலே! இன்டர்ஃபேஸ் இருந்தா ஒரு அவுட்புட் ஆம்ப்ளிஃபையருக்கு, இன்னொண்ணு ஒரு கேபிள்ல நேரா ரெண்டாவது இன்புட்டுக்கு. அனுப்பின சிக்னலே நேர ரெஃபரன்ஸா திரும்பி வர்ற லூப்பேக் ரெடி. இருக்கற இன்டர்ஃபேஸை ஓரமா வச்சுட்டு யூஎஸ்பி மைக்குக்கு ஏன் காசு போடணும்?

அல்சூர்_காது:
யூஎஸ்பி மைக்ல நேரமே அளக்க முடியாதுங்கற மாதிரி எழுதறீங்களே. ஆர்இடபிள்யூவுல அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ் இருக்கு. இன்னொரு ஸ்பீக்கர்ல இருந்து ஸ்வீப்புக்கு (கீழேருந்து மேல ஏறற டெஸ்ட் ஒலி) முன்னாடி ஒரு கீச்சு ஒலி போகும், அதை வச்சு நேரத்தைக் கட்டிக்கும். நான் அப்படித்தான் அளக்கறேன், நல்லாவே வருது.

கோரமங்கலா_வூஃபர்:
வரும், மறுக்கல. ஆனா ரெஃபரன்ஸ் ஸ்பீக்கரும் மைக்கும் கடைசி வரைக்கும் அசையக் கூடாது. இவர் ஆஃப்-ஆக்ஸிஸ், அதாவது பக்கவாட்டுல போற ஒலியை, அளக்கப் பெட்டியை 10, 20, 30 டிகிரின்னு திருப்பிக்கிட்டே போகணும். குறுக்க ஒருத்தர் நடந்து ஸ்டாண்ட்ல இடிச்சா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். லூப்பேக்ல ரெஃபரன்ஸ் கேபிளுக்குள்ள இருக்கு, அதுக்கு இந்தத் தொல்லை இல்ல.

எஸ்பிரோடு_பிரியன்:
எலெக்ட்ரெட் கேப்சூல் (மைக்குக்குள்ள ஒலியை வாங்கற குட்டி உறுப்பு) வாங்கி நாமளே மைக் செஞ்சா என்ன? பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ போட்டு நிறைய பேர் செஞ்சிருக்காங்களே.

அல்சூர்_காது:
அந்தக் கேப்சூலைப் பானசோனிக் எப்பவோ நிறுத்தியாச்சு. இப்ப அந்தப் பேர்ல கடையில விக்கிறதை நம்பவே மாட்டேன். அப்படியே நல்ல கேப்சூல் கிடைச்சாலும் ஃபைல் இல்லாத மைக் ஃபைல் இல்லாத மைக்தான். ரூம் பாஸ் மட்டும்னா பரவாயில்ல. 12 அடி அறையில 47 ஹெர்ட்ஸ் பக்கம் வர்ற முழக்கத்தைக் காட்ட எல்லாப் பக்கமும் கேக்கற சுமாரான ஆம்னி மைக்கே போதும். இங்க விஷயம் ட்வீட்டர்.

கோரமங்கலா_வூஃபர்:
இதுல நான் உங்க கட்சி.

ஜெயநகர்_சாலிடர் சார், மைக்கை விட அறைதான் அதிகமா கெடுக்கும், அதையும் சொல்லிடறேன். ஸ்பீக்கரும் மைக்கும் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம், நடுவுல 1 மீட்டர் இடைவெளின்னு வைங்க. தரையில பட்டு வர்ற ஒலி நேரா வர்றதை விட 1.24 மீட்டர் கூடுதலா சுத்தி வரும், அதாவது 3.6 மில்லிசெகண்ட் தாமதம். அது வந்து சேர்றதுக்குள்ள அளவை நிறுத்தி, அதாவது கேட் போட்டு, வெட்டினா சுமார் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறதை நம்ப முடியாது. காத்து இல்லாத நேரமாப் பாத்து மொட்டை மாடியில உயரமான மேசை போட்டு அளந்தா இன்னும் கீழ இறங்கலாம். உங்க கிராஸ்ஓவருக்கு வீட்டு ஹாலே தாங்கும்.

ஜெயநகர்_சாலிடர்:
அப்ப இஎம்எம்-6 தான் என் முடிவு, லூப்பேக்குக்காக. ஆனா வெளிநாட்டுலேருந்து வரணும். ஷிப்பிங், சுங்கம் எல்லாம் கூட்டிப் பாத்தா யூமிக் பக்கத்துல போய் நிக்குது. இசிஎம்8000 இங்கயே சுலபமா கிடைக்குது. அதுக்கு ஒரு ஃபைலை நாமளே உண்டாக்க முடியாதா?

கோரமங்கலா_வூஃபர்:
முடியும். நம்பகமான ஒரு மைக்கையும் இசிஎம்8000-ஐயும் ஒண்ணு மாத்தி ஒண்ணா ஒரே புள்ளியில வச்சு, ஒரே ட்வீட்டரை அளந்து, ஆர்இடபிள்யூவுல ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா வர்ற கர்வ்தான் உங்க ஃபைல். நம்பகமான மைக் அல்சூர்ல இருக்கு!

அல்சூர்_காது:
யூமிக்கைக் கொண்டு வரேன், அதுக்கென்ன. ஆனா 10,000 ஹெர்ட்ஸ்ல அலைநீளமே 3.4 சென்டிமீட்டர். ரெண்டாவது மைக் முனை ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்னாலும் பெட்டி விளிம்புல பட்டு வர்ற ஒலி வேற மாதிரி கலக்கும், அது மைக்கோட குறைன்னு ஃபைல்ல ஏறிடும். முனை இருக்க வேண்டிய இடத்துக்கு நேரா நூல் கட்டி வைங்க. யூமிக்கை ட்வீட்டரை நோக்கி நீட்டி 0 டிகிரி ஃபைலைத்தான் போடணும். தெரியாம 90 டிகிரி ஃபைல் ஏறினா மேல் பக்கம் மொத்தமும் தப்பாயிடும். அப்பவும் சொல்றேன், தொழிற்சாலையில எடுத்த ஃபைலுக்கு இது ஈடாகாது.

கோரமங்கலா_வூஃபர்:
ஈடாகாதுதான், ஆனா ட்வீட்டர் லெவல் வைக்க இவருக்குப் போதும். சாலிடர் சார், ஒண்ணு மறக்காதீங்க: லூப்பேக் கேபிளை எக்ஸ்எல்ஆர்ல போடாதீங்க, லைன் இன்புட்ல டிஆர்எஸ் பிளக்கா போடுங்க. நிறைய இன்டர்ஃபேஸ்ல மைக்குக்கு மின்சாரம் குடுக்கற 48 வோல்ட் பட்டன் ரெண்டு சேனலுக்கும் பொது. மைக்குக்காக அதை அமுக்கினா எக்ஸ்எல்ஆர் வழியா உங்க அவுட்புட்டுக்குள்ளயே ஏறும்.

ஜெயநகர்_சாலிடர்:
குறிச்சுக்கிட்டேன். இசிஎம்8000 இன்னிக்கே ஆர்டர் போடறேன். காது சார், மைக் வந்ததும் தனி மெசேஜ் அனுப்பறேன், உங்களுக்குத் தோதான நாள் சொல்லுங்க.