பெயர் இல்லாத பழைய பூல் ஸ்டிக்: வளைவா, ஜாயின்ட் கோளாறா?

பாமணிக்கரை (மன்னார்குடி)

வணக்கம். போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில், கட்டில் கால்களோடு சேர்த்துச் சாய்த்து வைத்திருந்த பூல் ஸ்டிக் (மேசையில் பந்தடிக்கும் விளையாட்டுக்கான கோல்) ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் 1,200 சொன்னார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்தது என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

ஆறு மாதமாக பூல் ஹாலில் கிடக்கும் பொது ஸ்டிக்கில்தான் ஆடுகிறேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. புதிதாக நல்லது வாங்க இப்போது வசதி இல்லை, அதனால் இதையே சரிசெய்து ஆட நினைக்கிறேன்.

இரண்டு துண்டு, நடுவில் பித்தளை மரை. பூட்டினால் 58 அங்குலம். கம்பெனி பெயர் எங்கும் இல்லை. அடியில் ரப்பருக்குப் பக்கத்தில் 19 என்று மட்டும் குத்தியிருக்கிறது, அது மாடலா வருடமா தெரியவில்லை. கைப்பிடிக்கு மேலே கறுப்பும் சிவப்புமாக நான்கு அலங்காரக் கூர்கள், பார்க்க அழகாக இருக்கின்றன.

கோளாறு என்னவென்றால், டேபிளில் உருட்டினால் முனை எழும்பி எழும்பி இறங்குகிறது. பந்தை அடிக்கும்போது உள்ளே எங்கோ ‘கிர்ர்’ என்று அதிர்கிறது. முனையில் ஒட்டியிருக்கும் தோல் டிப் கல் மாதிரி இருக்கிறது, அதில் தேய்க்கும் சாக்பொடி பிடிக்கவே இல்லை. டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை ஃபெர்ரூலில் மயிரிழை மாதிரி ஒரு கீறல். மேல் துண்டு கையில் ஒட்டுகிறது.

ஆவி காட்டிச் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நிமிர்ந்துவிடும் என்கிறான் நண்பன். லேத்தில் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பழைய மார்க்கர் (கும்பகோணம்)

தம்பி, இரண்டையும் செய்யாதே. முதலில் அது என்ன ஸ்டிக், எங்கே நோவு என்று பார்ப்போம்.

அந்த 19 வருடத்தைக் குறிப்பது இல்லை, எடை. ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், 19 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 540 கிராம் வரும். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார். பூல் ஸ்டிக்குகள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸுக்குள்தான் இருக்கும்.

டிப்பின் அகலத்தை அள. 13 மி.மீ. பக்கம் இருந்தால் பூல், 9.5 அல்லது 10 என்றால் ஸ்னூக்கர். ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57.2 மி.மீ., அதனால்தான் இந்த வித்தியாசம். ஸ்னூக்கர் ஸ்டிக்கின் அடிப்பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் சீவியிருக்கும். உன்னுடையது முழு உருண்டையா?

மரத்தையும் வெளிச்சத்தில் பார். மேப்பிள் வெளுப்பாக, கண்ணுக்குத் துளை தெரியாமல் இருக்கும். ஆஷ் என்றால் அம்பு முனை மாதிரி கருங்கோடுகள் ஓடும். வைக்கோல் நிறத்தில், கோலமே இல்லாமல், சின்னச் சின்னக் கோடுகள் மட்டும் தூவினாற்போல் இருந்தால் அது ரேமின் என்ற மலிவு மரம்.

வளைவைச் சோதிக்கும் முறை இதுதான். பூட்டிய ஸ்டிக்கை உருட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கும் வராதே. கழற்றி, மேல் துண்டைத் தனியாக, கீழ்த் துண்டைத் தனியாக உருட்டு. கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி பிடித்துத் திருப்பியும் பார். இரண்டும் தனித்தனியே நேராக இருந்து, சேர்த்தால் மட்டும் ஆடினால், கோளாறு ஜாயின்டில் இருக்கிறது. மேல் துண்டே வளைந்திருந்தால் அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்காதே. செங்கல் கட்டித் தொங்கவிட்டு நிமிர்ந்தது என்று சொன்ன ஸ்டிக்குகள் அடுத்த மழையிலேயே பழைய வளைவுக்குப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இப்போது ஐப்பசி, நம் பக்கம் சுவரே வியர்க்கிற நேரம். ஸ்டிக்கை வீட்டுக்குள் காய்ந்த அறையில் ஒரு பத்து நாள் படுக்கவைத்துவிட்டு அப்புறம் சோதனை செய். கடையில் ஈரம் குடித்த மரத்தைப் பற்றி உடனே முடிவு கட்டக் கூடாது.

மேலவீதி (தஞ்சாவூர்)

மார்க்கர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நானும் இதே மாதிரி பெயர் தெரியாத ஸ்டிக் ஒன்றை வாங்கினேன். முதல் நாளே ஆர்வத்தில் 120 நம்பர் உப்புத்தாளை எடுத்து முழுக்கத் தேய்த்துவிட்டேன். அதில் இருந்த கூர்கள் மரத்தில் பதித்தவை இல்லை, அச்சடித்து ஒட்டிய படம். பாதி நிமிடத்தில் போய்விட்டது. மேல் துண்டும் 13 மி.மீ. இருந்தது 12.2 ஆகிவிட்டது. தேய்த்த மரம் திரும்பி வராது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

அதனால் தம்பி, உன் கூர்களை ஒரு லென்ஸ் வைத்துப் பார். நான்கும் துளிகூடப் பிசகாமல் ஒரே உயரம், உள்ளே செய்தித்தாள் படத்தில் இருப்பது போல் சின்னச் சின்ன மைப்புள்ளிகள் என்றால் அது படம்தான். அந்தப் பக்கமே தேய்க்காதே, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அந்த ‘கிர்ர்’ சத்தத்துக்கு எனக்குத் தெரிந்து நான்கு இடம் உண்டு: ஃபெர்ரூல், ஜாயின்ட் மரை, அடி மூடி, அடிக்குள் இருக்கும் எடை போல்ட். ஸ்டிக்கை நேராகப் பிடித்து ரப்பர் பக்கத்தைத் தரையில் மெல்லத் தட்டு. ஒவ்வொரு இடமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டிப் பார். எங்கே பிடித்தால் சத்தம் அடங்குகிறதோ அங்கே இருக்கிறது. எங்கே பிடித்தும் அடங்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் போல்ட்தான். ரப்பரை இழுத்தால் வந்துவிடும், உள்ளே ஆலன் கீயோ ஸ்க்ரூ டிரைவரோ போகும்.

பாமணிக்கரை (மன்னார்குடி)

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி.

எடை 536 கிராம். டிப் 12.9 மி.மீ., அடி முழு உருண்டை. மரத்தில் ஐயா சொன்ன சின்னக் கோடுகள் மழைத்தூறல் மாதிரி முழுக்க இருக்கின்றன. கூர்கள் படம்தான், லென்ஸில் மைப்புள்ளிகள் தெரிகின்றன. தேய்க்க மாட்டேன்.

ரப்பரைக் கழற்றினேன். உள்ளே போல்ட் இரண்டரைச் சுற்று ஏறியது. ‘கிர்ர்’ முழுசாகப் போய்விட்டது!

தனித்தனியாக உருட்டினால் இரண்டு துண்டும் நேர். சேர்த்தால்தான் முனை எழும்புகிறது, ஆனால் முன்பு இருந்ததைவிடக் குறைவு. பூட்டிய நிலையில் ஜாயின்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் நூலிழை மாதிரி வெளிச்சம் வருகிறது.

ஆச்சாமரம் (நரசிங்கம்பேட்டை பக்கம்)

எங்கள் வீட்டில் கடைசல் வேலை. நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம் கடைகிற ஊர் என்பதால் நீளமான மரத்தோடு எப்போதும் பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்த நூலிழை வெளிச்சத்தில்தான் உங்கள் பதில் இருக்கிறது. ஜாயின்டில் அரை மி.மீ. சாய்ந்தாலும் முனைக்குப் போகும்போது அது பல மடங்காகிவிடும். ஜாயின்டில் இரண்டு துண்டும் ஒன்றையொன்று தொடும் முகத்தைச் சீவுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். பழைய ஸ்டிக்குகளில் அந்த முகத்தில் வார்னிஷ் வழிந்து கட்டியாகியிருக்கும், மரையடியில் கிரீஸும் சாக்பொடியும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். மூங்கில் குச்சியைச் சீவி மரையடியைச் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். முகத்தைத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பிறகு மேல் துண்டின் முகத்தில் பென்சிலால் கோடு போட்டு, பூட்டிக் கழற்றிப் பாருங்கள். பென்சில் அழிந்த இடம்தான் மேடு. அந்த இடத்தை மட்டும் 600 நம்பர் தாளால் இரண்டு தடவல். மறுபடி பூட்டிப் பாருங்கள். அவசரப்பட வேண்டாம்.

லேத் வேண்டாம் என்று ஐயா சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன். 29 அங்குல நீளம், முனையில் 13 மி.மீ. கனம். இவ்வளவு மெல்லிய மரத்தை நடுவில் தாங்கல் இல்லாமல் சுற்றினால் சாட்டை மாதிரி துள்ளும். உளி பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். இரும்பு கடையும் லேத்காரர் எவ்வளவு நல்ல கைக்காரராக இருந்தாலும் இதற்கு வேறு கட்டு வேண்டும்.

மேல் துண்டு ஒட்டுவது பழைய வார்னிஷ் இளகியதால். முனையிலிருந்து கை ஓடும் ஒன்றரை அடிக்கு மட்டும் 600, அப்புறம் 1000, அப்புறம் 2000. நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், ரேமின் தூசும் சிராயும் தோலை அரிக்கும். சின்னப் பள்ளம் இருந்தால் ஈரப் பஞ்சை வைத்து அயர்ன் பாக்ஸ் நுனியால் இரண்டு நொடி தொடுங்கள், மரம் உப்பி மேலே வரும். வார்னிஷ் போன இடத்தில் மட்டும்தான் இது நடக்கும்.

விளக்கடி (நாச்சியார்கோவில்)

ஃபெர்ரூல் என்றால் உலக்கைக்குப் பூண் மாதிரிதானே? எங்கள் ஊரில் குத்துவிளக்குக் கடைகிற பட்டறையில் கேட்டால் பித்தளையில் அழகாகக் கடைந்து தருவார்கள். ஆயுசுக்கும் விரிசல் விடாது.

பழைய மார்க்கர் (கும்பகோணம்)

யோசனை நல்லது, ஸ்னூக்கர் ஸ்டிக்காக இருந்தால் நானே நாச்சியார்கோவிலுக்குத்தான் அனுப்பியிருப்பேன். ஸ்னூக்கருக்குப் பித்தளைப் பூண்தான் போடுவார்கள், அது 10 மி.மீ. சின்ன வளையம். 13 மி.மீ. பூலில் அதே பித்தளை வேண்டாம். பித்தளை நைலானைப் போல் ஏழு மடங்குக்கு மேல் கனம். முனையில் கனம் ஏறினால், வெள்ளைப் பந்தின் ஓரம் பார்த்து அடிக்கும்போது அது குறியைவிட்டு அதிகமாக விலகும்.

தம்பி, மன்னார்குடியில் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் கடை எத்தனை இருக்கிறது! அங்கே துணி ஹைலம் ராடு இருக்கிறதா என்று கேள். துணியும் ரெசினும் சேர்ந்தது, மோட்டாருக்குள் இன்சுலேஷனாகப் போடுவார்கள். நல்ல பூல் ஸ்டிக்குகளில் ஃபெர்ரூலுக்குப் போடுவதும் ஏறக்குறைய அதே சாதிப் பொருள்தான். நிறம் பழுப்பாக இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு அங்குலத் துண்டு போதும். அதைக் கடைய எந்த லேத்காரராலும் முடியும்.

பழைய ஃபெர்ரூலை ரம்பத்தால் அறுக்காதே. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிளந்து எடு, உள்ளே மரத்தில் சின்னதாக ஒரு முளை இருக்கும். அது உடைந்தால் எல்லாம் போச்சு. முளையின் கனத்தை வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள். ஃபெர்ரூலை ஒட்ட மெதுவாக இறுகும் அரால்டைட், ஒரு முழு நாள் விடு. டிப்பை ஒட்ட ஜெல்லாக இருக்கும் சூப்பர் க்ளூ. தண்ணீர் மாதிரி இருப்பதைப் போட்டால் தோலுக்குள் ஊறி, புது டிப்பும் உன் பழைய டிப் மாதிரியே கல்லாகிவிடும். ஒட்டுவதற்கு முன் டிப்பின் அடியைக் கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்துக்கொள். மேல் வளைவுக்கு ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் பிடித்துப் பார், அந்த வளைவு போதும்.

ரேமின் பற்றி ஒரு வார்த்தை. மலேசியா, இந்தோனேசியா சதுப்புக்காட்டு மரம். வெட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று 2005 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கு முன்பு மலிவு ஸ்டிக்குகளில் இது நிறைய வந்தது. உன்னுடையதும் அந்தக் காலத்ததாக இருக்கலாம். மலிவு மரம்தான், ஆனால் இத்தனை வருடம் நேராக நின்ற மரம் இனிமேலும் நிற்கும். அதை நம்பி வேலை செய்.

பாமணிக்கரை (மன்னார்குடி)

ஜாயின்ட் முடிந்தது. மூங்கில் குச்சியில் சுரண்டியபோது மரையடியிலிருந்து பச்சைச் சாக்பொடியும் கிரீஸும் உருண்டையாக வந்தன. முகத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் கடுகளவு உறைந்திருந்தது, பென்சில் சரியாக அங்கேதான் அழிந்தது. ஆறு தடவை பூட்டிக் கழற்றியபின் வெளிச்சம் வரவில்லை. இப்போது உருட்டினால் முனை டேபிளோடு ஒட்டிப் போகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கீழப்பாலம் பக்கத்துக் காயில் கடையில் ஹைலம் துண்டு சும்மாவே கொடுத்தார்கள். பழைய ஃபெர்ரூல் பிளந்து வந்துவிட்டது, முளை முழுசாக இருக்கிறது. மூன்று இடத்திலும் 7.9 மி.மீ. லேத்காரரிடம் உள்துளை எவ்வளவு சொல்ல வேண்டும்? சரியாக 7.9 சொல்லலாமா?

ஆச்சாமரம் (நரசிங்கம்பேட்டை பக்கம்)

8.0 சொல்லுங்கள். பசைக்கு இடம் வேண்டும், இறுக்கிப் போட்டால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். வெளி விட்டத்தை 13.3 வைத்து வாங்கிக்கொண்டு, ஒட்டிக் காய்ந்தபின் மரத்தோடு சமமாகக் கையால் தேய்த்துக்கொள்ளுங்கள். தேய்க்கும்போது மரத்தின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

பாமணிக்கரை (மன்னார்குடி)

சரி அண்ணா. நாளைக்கு லேத்துக்குப் போகிறேன். அளவைச் சீட்டில் எழுதி ஹைலம் துண்டோடு சுற்றி வைத்துவிட்டேன்.