பிளேடு ரன்னர் ஃபைனல் கட்டுக்குத் தமிழ் சப்டைட்டில் ஒட்டவில்லை: உதவி தேவை

தகடூர் டாக்கீஸ் (தருமபுரி)

வணக்கம். ஞாயிறு ராத்திரி வீட்டு மாடி அறையில பிளேடு ரன்னர் (1982) போடப் போறோம். பத்துப் பேர் வருவாங்க, பாதிப் பேருக்குத் தமிழ் சப்டைட்டில் இல்லாம முடியாது. படம் 2007 ஃபைனல் கட் (இயக்குநர் கடைசியா அமைச்ச பதிப்பு), 1080பி, 23.976 ஃபிரேம், 117 நிமிஷம். சப்டைட்டில் ஃபைல் பழைய டிவிடிக்காக அடிச்சது.

முதல் வசனம் ரெண்டு வினாடி முந்தி வருது. பத்து நிமிஷத்துல கிட்டத்தட்ட அரை நிமிஷம் முந்துது. ஒரு மணி நேரத்துல ரெண்டரை நிமிஷம். விஎல்சி பிளேயர்ல எச் பட்டனை அழுத்தித் தள்ளினா அந்த இடத்துல சரியாகுது, அப்புறம் மறுபடி ஓடிப்போயிடுது.

இன்னும் மூணு விஷயம். பென்டிரைவை நேரா டிவியில போட்டா கொம்பு எழுத்தெல்லாம் உடைஞ்சு, நடுவுல புள்ளி வட்டம் வருது. புரொஜெக்டர்ல படம் பச்சையடிச்ச மாதிரி இருக்கு. வசனம் கேக்கல, இசை மட்டும் காதைப் பிளக்குது. எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

ஓசூர் 35எம்எம்

நீங்கள் சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. பிழை நேரத்தோடு சேர்ந்து ஒரே வேகத்தில் வளர்ந்தால் அது ஃபிரேம் ரேட் (வினாடிக்கு ஓடும் ஃபிரேம் எண்ணிக்கை) கோளாறு. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் திடீரென்று தாவினால் வெட்டு (படத்தின் பதிப்பு) வேறு. முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் விற்ற டிவிடிகளில் பல பேல் முறை, வினாடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேம் படத்தை அப்படியே வேகமாக ஓட்டி அதில் ஏற்றியிருப்பார்கள். 117 நிமிஷப் படம் 112-இல் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். அந்த நேரத்துக்கு அடித்த சப்டைட்டிலை 23.976-இல் போட்டால், 60-ஆவது நிமிஷத்தில் வர வேண்டிய வரி 57 நிமிஷம் 32 வினாடியிலேயே வந்து நிற்கும். உங்கள் ரெண்டரை நிமிஷம் அதுதான். விஎல்சி-யின் எச், ஜி பட்டன்கள் மொத்தத்தையும் 50 மில்லி வினாடி முன்பின் நகர்த்தும், அவ்வளவுதான். ஃபைலை இழுத்து நீட்டாது. அதனால்தான் சரி செய்த இடத்திலேயே நிற்காமல் மறுபடி விலகுகிறது.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். ஃபைலைத் திறந்து, சிங்க்ரனைசேஷன் மெனுவில் சேஞ்ச் ஃபிரேம் ரேட். 'ஃப்ரம்' பெட்டியில் 25, 'டு' பெட்டியில் 23.976. மாற்றிப் போட்டால் பிழை இரட்டிப்பாகும், கவனம். இது முடிந்த பிறகுதான் ஆரம்பத்து ரெண்டு வினாடியைத் தொட வேண்டும். முதலிலேயே நகர்த்தி வைத்தால், நகர்த்திய அளவும் நாலு சதவீதம் நீண்டுவிடும். நகர்த்த அதே மெனுவில் அட்ஜஸ்ட் ஆல் டைம்ஸ்.

சரிபார்க்க முழுப் படத்தையும் ஓட்டத் தேவையில்லை. மூன்று இடம் போதும்: லியோனை ஹோல்டன் கேள்வி கேட்கும் முதல் காட்சி, போலீஸ் அதிகாரி பிரையன்ட் தன் அறையில் நாயகன் டெக்கார்டுக்கு வேலையை விளக்கும் இடம், கடைசியில் மழையில் காஃப் தூரத்திலிருந்து கத்திச் சொல்லும் வரி. முதலும் கடைசியும் பொருந்தி நடுவில் மட்டும் பிசகினால் இங்கே வந்து சொல்லுங்கள்.

சேமிக்கும்போது யூடிஎஃப்-8, கூடவே பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் சேரும் அடையாளக் குறி) உள்ள தேர்வு. ஆன்சி என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப மீட்க முடியாது. மூல ஃபைலின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பென்னாகரம் பார்வையாளர்

எழுத்து உடைவதற்கு ஃபைலைக் குறை சொல்ல முடியாது. 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும், அந்த அடுக்கும் வேலையைப் பல டிவிகளின் உள் பிளேயர் செய்வதே இல்லை. எந்த எழுத்துருவைப் போட்டாலும் மாறாது.

எளிய வழி, லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ. புதிய விஎல்சி தமிழைச் சரியாக அடுக்கும். பிரிஃபரன்சஸ், சப்டைட்டில்ஸ் பக்கத்தில் எழுத்துருவாக நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுங்கள். டிவியில்தான் வேண்டும் என்றால், சப்டைட்டில் எடிட்டின் எக்ஸ்போர்ட் மெனுவில் புளூ-ரே சப் என்ற வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் படமாகவே மாறிவிடும், டிவி எழுத்தைக் கோக்க வேண்டியதில்லை. அதை எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் படத்தோடு சேர்த்துவிட்டால் ஒரே ஃபைல். ஆனால் படமாக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, ஆகவே எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு கடைசியாக.

எழுத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். படம் 2.40-க்கு 1. 100 அங்குல 16:9 திரை என்றால் அகலம் 87 அங்குலம், உயரம் 49, படம் நிரப்புவது 36 மட்டும். மேலும் கீழும் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல் கறுப்புப் பட்டை சும்மா கிடக்கும். கீழ்ப் பட்டையில் இரண்டு தமிழ் வரி தாராளமாக அடங்கும், படத்தின் மேல் எழுத்து ஏறாது. இருட்டே அழகான படத்தில் வெள்ளை எழுத்து நடுவில் மின்னுவது உண்மையில் பெரிய தொல்லை. எழுத்து நிறத்தையும் தூய வெள்ளை வைக்காமல் லேசான சாம்பலுக்கு இறக்குங்கள்.

காவேரிப்பட்டணம் ஆடியோ

வசனம்: 5.1 தடத்தில் (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்ச ஒலி) பேச்சு முக்கால்வாசி நடு ஸ்பீக்கர்ல இருக்கும். உங்ககிட்ட ரெண்டு ஸ்பீக்கர்தானே? விஎல்சி நடுத் தடத்தைக் குறைச்சு ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கொடுக்கும், வாஞ்செலிஸ் இசை மேல ஏறி நிக்கும். வேற ஸ்டீரியோ தடம் இருந்தா முதல்ல அதைப் போட்டுப் பாருங்க. இல்லன்னா விஎல்சி எஃபெக்ட்ஸ்ல கம்ப்ரசரை ஆன் பண்ணுங்க, உரத்த இடம் அடங்கும், பேச்சு மேல வரும். ரிசீவர் வெச்சிருந்தா வேலை சுலபம், சென்டரை 3 டெசிபல் ஏத்துனா போதும்.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். வேற வழியே இல்லன்னா ஜே, கே பட்டன்ல ஆடியோவை நகர்த்தலாம்.

ஓசூர் 35எம்எம்

பச்சையைப் பற்றி. இதில் பாதி உங்கள் புரொஜெக்டர், பாதி படமே. 2007 மீட்பில் மூல நெகட்டிவை 4கே-வில் ஸ்கேன் செய்தார்கள், 65 எம்எம்-இல் எடுத்த விசேஷ எஃபெக்ட் காட்சிகளை 8கே-வில். வண்ணத்தையும் புதிதாக அமைத்தார்கள், அது பழைய பிரதிகளைவிட நீலப்பச்சைப் பக்கம் சாய்ந்தது. ரசிகர்களுக்குள் இன்னமும் ஓயாத சண்டை அது. என் கட்சி: தெருக் காட்சிகளுக்கு அந்தச் சாயல் பொருந்துகிறது, முகங்களில் மட்டும் கொஞ்சம் அதிகம்.

எது யார் தவறு என்று பார்க்க, தொடக்க எழுத்துகளைப் பாருங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்தே பச்சையாகத் தெரிந்தால் புரொஜெக்டர்தான். பல லேம்ப் புரொஜெக்டர்களில் 'பிரைட்' அல்லது 'டைனமிக்' மோட் பச்சையாகத்தான் இருக்கும். சினிமா மோடுக்கு மாற்றுங்கள், வெளிச்சம் குறையும், பரவாயில்லை. அடுத்து, ரெப்ளிகன்ட் எனும் செயற்கை மனிதர்களைத் தயாரிக்கும் டைரலின் அறை: பெரிய ஜன்னல் வழியே பொன்னிறமாக வெயில் விழ வேண்டும். அது மஞ்சளாக வந்தால் மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, நிழலில் இருக்கும் ஆளே காணாமல் போனாலோ லேப்டாப்பும் புரொஜெக்டரும் எச்டிஎம்ஐ ரேஞ்சில் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவு) ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டிலும் ஃபுல், அல்லது இரண்டிலும் லிமிடெட். ஒன்று மாறினாலும் படம் கெடும்.

தகடூர் டாக்கீஸ் (தருமபுரி)

ஃபிரேம் ரேட் மாத்தினதும் முதல் பாதி கச்சிதம், ரொம்ப நன்றி. ஆனா ராய் டைரலைக் கொல்ற காட்சிக்கு அப்புறம் சில வினாடி முந்துது, அப்புறம் அதே அளவுல நிக்குது. அதுக்கு மேல இன்னொரு இடத்துல கொஞ்சம். வெள்ளை எழுத்தும் சினிமா மோட்ல வெள்ளையாயிடுச்சு.

ராயக்கோட்டை ரீல்

அப்படியானால் உங்கள் சப்டைட்டில் 1992 டைரக்டர்ஸ் கட்டுக்கு அடித்தது. 1982 திரையரங்குப் பிரதிக்கு அடித்ததாக இருந்தால் யாரும் பேசாத இடத்தில் டெக்கார்டின் பின்னணிக் குரலுக்கு வரி ஓடும், கடைசியில் லிஃப்ட் கதவு மூடிய பிறகும் வசனம் தொடரும். அந்தக் குரலும் மலைப்பாதைக் கார்ப் பயணமும் 1992-லேயே போய்விட்டன.

1982-இல் அமெரிக்காவுக்கு வெளியே ஓடிய பிரதியில் இருந்த சில வன்முறைத் துண்டுகள் 1992-இல் இல்லை, 2007-இல் உண்டு. டைரல் சாகும் இடம் அதில் ஒன்று, பிரிஸ் சண்டை இன்னொன்று. உங்கள் தாவல் அங்கேதான் வரும். காட்சி முடிந்து வரும் முதல் வரியைத் தேர்ந்தெடுத்து, அட்ஜஸ்ட் ஆல் டைம்ஸில் 'செலக்டட் லைன்ஸ் அண்ட் ஃபார்வர்ட்' குறித்து நகர்த்துங்கள். அடுத்த தாவலுக்கு அதையே மறுபடி. முன்னாலிருந்து பின்னாகத்தான் போக வேண்டும். பின்னாலிருந்து தொடங்கினால் ஏற்கெனவே திருத்தியது மறுபடி நகர்ந்துவிடும்.

மூன்று வரிகளைக் கையால் மாற்றுங்கள். தப்பி வந்த ரெப்ளிகன்ட்களில் மின்வேலியில் கருகியது ஒருவர் என்று பழைய பிரதியில் பிரையன்ட் சொல்வார், ஃபைனல் கட்டில் இருவர்; ஆறு பேரில் நால்வர்தான் மிச்சம் என்ற கணக்கு இப்போதுதான் நேராகிறது. ராய் டைரலிடம் ஆயுள் கேட்கும் வரி பழையதில் வசவோடு முடியும், இதில் 'தந்தையே' என்று. பாம்பு விற்பவரோடு டெக்கார்டு பேசுவதும் புதிதாக உதட்டுக்கு ஒட்டவைக்கப்பட்டது, அந்த இடத்தில் சப்டைட்டிலை ஒலியோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

பென்னாகரம் பார்வையாளர்

ஒரு சின்ன யோசனை. முதல்முறை பார்ப்பவர்களுக்காகப் பின்னணிக் குரலைத் தமிழில் எழுதி அமைதியான இடங்களில் போட்டால் என்ன?

ராயக்கோட்டை ரீல்

வேண்டவே வேண்டாம். மேலே ஊர்தி போகும் காட்சியில் படிக்க வைத்தால் நகரத்தை யார் பார்ப்பது? ஊர் பேர் தெரியாமல் தவிப்பார்கள் என்றால், தொடக்கத்தில் ஓடும் அறிமுக எழுத்தைத் தமிழில் போடுங்கள், லாஸ் ஏஞ்சல்ஸ் 2019 நவம்பர் என்பது அங்கேயே வந்துவிடும். உங்கள் ஃபைலில் அது விட்டுப்போயிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் ஆடியோ

லேம்ப் புரொஜெக்டர்னா யூபிஎஸ்ல போடுங்க. கரண்ட் பட்டுன்னு போனா ஃபேன் நின்னு சூட்டுல லேம்ப் ஆயுசு குறையும். புரொஜெக்டருக்கு மட்டும் 600 விஏ போதும், அணைச்சு ஆறுற வரைக்கும் தாங்கும். ஸ்பீக்கரை அதுல சேர்க்காதீங்க. வெளிச்சம் முழுசா அடங்கின பிறகு ஆரம்பிங்க, ஏழரைக்கு மேல வெச்சுக்குங்க.