மௌனத் தியானத்தில் சனிக்கிழமை மதியமே அமைதி கலைகிறது, வழி சொல்லுங்கள்

எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கு இளையோர் 24 பேருக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு திருப்பலி வரை மௌனத் தியானம். இரண்டு முறை நடத்தியாயிற்று. இரண்டு முறையும் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில்தான் மௌனம் உடைந்தது. முதலில் கிசுகிசுப்பு, பிறகு சிரிப்பு. மாலை, நற்கருணை முன் அமர்ந்து செபிக்கும் ஆராதனையில் மனம் ஒன்றவில்லை.

கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்தோம். சாப்பிடும்போது புனிதர் வரலாறு வாசித்தோம். தட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. உரைகளை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு மணி நேரத் தனிச்செபம் வைத்தோம். செபம் வறண்டால், அதாவது மனம் ஒட்டாமல் வெறுமையானால், நேரத்தைக் குறைக்காமல் சற்றுக் கூட்டச் சொல்கிறார் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். முதல்முறை வருவோரோ அந்த வறட்சியில்தான் பேச்சைத் தேடுகிறார்கள் என்று தோன்றுகிறது. வழிகாட்ட ஒரே ஓர் அருட்தந்தை. ஆளுக்கு 15 நிமிடம் என்றாலும் ஆறு மணி நேரம் ஆகிறது, பாதிப் பேருக்குத்தான் வாய்க்கிறது.

பேசாமல் சேர்ந்திருப்பதும் ஓர் உறவுதான். அதை இவர்கள் ஒருமுறையாவது உணர வேண்டும்.

இப்போது ஞாயிறு காலை மட்டும் உள்ள, செப அனுபவத்தைப் பேசிப் பகிரும் குழுப் பகிர்வை, சனி முற்பகலிலும் ஆறு ஆறு பேராக அரை மணி நேரம் வைத்தால் மௌனம் ஆழப்படுமா, இன்னும் சிதறுமா?