நின்ற இதயத்தைக் காக்கும் மருந்து: இரண்டு அனுபவங்கள்

என் தந்தைக்குப் பைபாஸ் அறுவை சிகிச்சை நடப்பதற்கு முந்தைய மாலை, மயக்க மருந்து மருத்துவர் ஒப்புதல் படிவத்தை விளக்கும்போது, இதயத்தை மருந்து செலுத்தி நிறுத்துவோம் என்று இயல்பாகச் சொன்னதும் என் கை பேனாவோடு அப்படியே நின்றுவிட்டது. பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலை இதயத் தமனிகளில் செலுத்தினால் தசை தளர்ந்த நிலையிலேயே துடிப்பு அடங்கிவிடும் என்றும், துடிக்கும் இதயம் கேட்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அப்போது போதும் என்றும், பெருந்தமனியைக் கவ்வியால் அடைத்திருக்கும் நேரத்தை அதனால்தான் தசை தாங்குகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகே கையெழுத்திட்டேன்.

மாத்திரை விஷயத்தில்தான் நாங்கள் தடுமாறினோம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெலை 5 நாள் முன்பே நிறுத்தச் சொன்னவர்கள், ஆஸ்பிரினையும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலையும் விடக்கூடாது என்றார்கள். வெறும் வயிறு என்ற சொல்லை அளவுக்கு மீறி மதித்த அப்பா, அறுவை சிகிச்சை அன்று காலை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கியிருக்க வேண்டிய மெட்டோப்ரோலாலைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். செவிலியர் கேட்டிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு வேகமெடுத்து இதயத்தின் சுமை கூடும் என்று அவர் கடிந்துகொண்டார். மாத்திரையைக் கொடுத்தும், மூன்றாம் நாள் அப்பாவுக்குத் துடிப்பு ஒழுங்கு தவறவே செய்தது. அமியோடரோன் கொடுத்துச் சரிசெய்தார்கள்.

∗

மேலே எழுதியவர் சொன்ன அந்தக் கரைசலைச் செலுத்துவதுதான் என் அன்றாட வேலை. இதயம் நின்றிருக்கும்போது அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறேன். ஒருமுறை செலுத்தியதோடு அது முடிவதில்லை. ரத்தத்தோடு கலந்து கொடுக்கும் முறையில் சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் செலுத்துகிறோம். அடைபட்ட தமனிக்கு அப்பால் கரைசல் சரியாகப் போய்ச் சேராது என்பதால், சிலருக்கு இதயச் சிரையின் வழியே பின்னோக்கியும் அனுப்புவதுண்டு. அறுவை மருத்துவர் கடினமான ஓர் இணைப்பைத் தைத்துக்கொண்டிருந்தபோது, இதயம் மீண்டும் இயங்கத் தொடங்குவதைக் காட்டும் சிறு அலைகள் அடுத்த தவணைக்கு முன்பே இசிஜி திரையில் எழும்புவதைக் கண்டு நான் குரல் கொடுத்ததும், அவர் ஊசியை அப்படியே நிறுத்திக் காத்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

இதைவிடச் சிறந்த காப்பு மருந்து வராதா என்று நோயாளிகளின் வீட்டார் கேட்கிறார்கள். காரிபோரைட் என்ற மருந்தைப் பெரிய ஆய்வில் சோதித்தார்கள். அறுவை சிகிச்சையை ஒட்டி வரும் மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் இறப்பும் கூடியதால் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.