மறு: மொடல் ஆண்டுக்குத் தமிழ்ச் சொல்: "வகையாண்டு" என்று வைப்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கார் செய்பவர்கள் ஒரு காரை எந்த ஆண்டின் பெயரில் விற்கிறார்களோ அந்த ஆண்டைத்தான் ஆங்கிலத்தில் மொடல் ஆண்டு (model year) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடிப் போன கிழமை தொடங்கிய இந்த இழையில் மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மாதிரி ஆண்டு, வடிவாண்டு, பதிப்பாண்டு. மூன்றையும் ஒரு காரை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன், அதாவது அக்காவின் மகன், பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருந்தார். கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கடைசியில் இரண்டு கார்கள் மிஞ்சின. இரண்டும் இரண்டு லீற்றர் எஞ்சின், இரண்டும் ஒரே நிறம், ஓடிய தூரமும் ஏறத்தாழ ஒன்றுதான். "மாமா, கதவு ஸ்ரிக்கரில ரெண்டும் 2018 எண்டுதான் கிடக்கு. ஒண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூடக் கேக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

நான் அவரிடம் பதினேழு எழுத்துள்ள வாகன அடையாள எண்ணின் பத்தாவது எழுத்தை வாசிக்கச் சொன்னேன். ஒன்றில் ஜே, மற்றதில் கே. ஜே என்றால் 2018, கே என்றால் 2019. வட அமெரிக்காவில் 2019 என்று விற்ற எம்எக்ஸ்-5 காரில் மஸ்டா அந்த எஞ்சினைத் திருத்தியிருந்தது. 155 குதிரைவலு 181 ஆனது. நிமிடத்துக்கு 6800 சுற்றோடு நின்ற எஞ்சின் 7500 வரை போனது. ஸ்ரியரிங்கை முன்னும் பின்னும் இழுத்து வைக்கும் வசதியும் அந்த ஆண்டில்தான் வந்தது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கார்தான். ஓட்டினால் தெரியும்.

இதைத் தமிழில் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்குச் சொல் இல்லை என்று தெரிந்தது. "மொடல் 2019, ஆனால் செய்தது 2018" என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா, "அப்ப பொய் சொல்லி விக்கிறாங்களோ?" என்று கேட்டா. அவ கேட்டதில் பிழையே இல்லை. யாழ்ப்பாணத்தில், நம் ஊரில், "பதினைஞ்சு மொடல்" என்றால் அது 2015இல் செய்த கார் என்றுதான் பொருள். மொடல் என்ற சொல்லை நாம் உற்பத்தி ஆண்டுக்கே கொடுத்துவிட்டோம். ஆகவே மொடல் ஆண்டு என்று அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு என் முதல் மறுப்பு இதுதான்: அந்தச் சொல் இங்கே வேறு வேலையில் இருக்கிறது.

பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு சொல்லுக்குப் போவோம். அமெரிக்க விதிப்படி ஒரு மொடல் ஆண்டின் உற்பத்திக் காலத்துக்குள் அந்த ஆண்டின் ஜனவரி 1 அடங்க வேண்டும். முந்தைய ஆண்டின் ஜனவரி 2ஆம் தேதியிலிருந்தே அதைத் தொடங்கலாம். ஆகவே 2018 ஒக்ரோபரில் செய்த கார் 2019 என்ற பெயரில் விற்கப்படுவது முறையானது, யாரும் ஏமாற்றவில்லை. அந்த ஆண்டு எண் காலத்தைக் குறிப்பதை விட, என்னென்ன பாகங்கள், என்னென்ன திருத்தங்கள் ஒன்றாகச் சேர்ந்த கார் இது என்பதையே குறிக்கிறது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு இதே எம்எக்ஸ்-5இன் இரண்டாம் தலைமுறை. யப்பானில் அது 1998 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவிலும் அந்த ஆண்டிலேயே வந்தது, ஆனால் 1999 என்ற பெயரில். அமெரிக்கச் சந்தையில் 1998 எம்எக்ஸ்-5 என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரே கார் ஒரு நாட்டில் 98, இன்னொரு நாட்டில் 99.

ஹொண்டா எஸ்2000 என்ற ஸ்போர்ட்ஸ் காரைத் தேடுபவர்களுக்கு இது இன்னும் பெரிய தலையிடி. 9000 சுற்று வரை பாயும் இரண்டு லீற்றர் எஞ்சினோடு அது 1999இல் வந்தது. வட அமெரிக்காவில் 2004 மொடல் ஆண்டிலேயே 2.2 லீற்றராக மாறி, சுற்று எல்லையும் இறங்கிவிட்டது. யப்பானில் அந்த மாற்றம் 2005 இறுதியில்தான் வந்தது. ஆகவே "2004 எஸ்2000" என்று மட்டும் சொன்னால் எந்த எஞ்சின் என்றே தெரியாது. எந்த நாட்டுக்காகச் செய்தது என்றும் கேட்க வேண்டும். அந்த உயரமான சுற்றுக்காகவே இந்தக் காரை விரும்புபவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஓர் எண் பிழைத்தால் முழுக்காசும் பிழைத்த மாதிரி.

இலங்கைக்கு வரும் பாவித்த கார்களில் பெரும்பாலானவை யப்பானில் இருந்து வருபவை. யப்பானுக்குள் விற்கச் செய்த காரின் சேசி இலக்கத்தில் பத்தாவது எழுத்து என்ற கதையே இல்லை. வாகனக் குறியீடும் தொடர் எண்ணும் மட்டும்தான் இருக்கும். நம் பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டும் முதற்பதிவுத் திகதியும் இருக்கும், மொடல் ஆண்டு இருக்காது. இதனால்தான் இவ்வளவு காலமும் இந்தச் சொல் நமக்குத் தேவைப்படவில்லை. இப்போது நம் பிள்ளைகள் ரொறன்ரோவில் இருந்தும் மெல்பேணில் இருந்தும் யாழ்ப்பாணத்துக்கு அழைத்துக் கேட்கிறார்கள். அதோடு, இங்கே மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் தமிழில்தான் பாடம் சொல்கிறேன். உதிரிப்பாகம் தேடும்போது இணையப் பட்டியல்கள் இந்த ஆண்டைத்தான் முதலில் கேட்கின்றன. மாணவர்கள் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து உற்பத்தி ஆண்டை அடிக்கிறார்கள், பிழையான பாகம் வந்து சேர்கிறது.

சரி, சொற்களுக்கு வருவோம்.

"மாதிரி ஆண்டு" தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இயல்பாக இருக்கலாம். இலங்கைப் பாடநூல்களில் மாதிரி என்றால் பரிசோதனைக்கு எடுக்கும் கூறு. அணுவின் மொடலை மாதிரியுரு என்றுதான் படித்தோம். என் மாணவர் ஒருவரிடம் "மாதிரி ஆண்டு" என்றால் என்ன என்று கேட்டேன். "பரீட்சார்த்தமாக விட்ட ஆண்டோ, சேர்?" என்றார். "மாதிரியுரு ஆண்டு" என்று நீட்டினால் பொருள் சரி. ஆனால் கராஜில் கையில் கிறீஸோடு நிற்பவர் அதைச் சொல்லமாட்டார்.

"வடிவாண்டு" கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு. "வடிவான கார்" என்பது எங்கள் நாளாந்தப் பேச்சு. இது சின்னத் தடை. பெரிய தடை, மொடல் ஆண்டு மாறும்போது வடிவம் மாற வேண்டியதில்லை என்பது. மேலே சொன்ன 2018, 2019 கார்களே சாட்சி. நம் தெருக்களில் ஓடிய மொறிஸ் மைனரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் நடுவில் பிரிந்த முன்கண்ணாடி போய் ஒற்றைக் கண்ணாடி வந்தது, அதை யாரும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். 1962இல் எஞ்சின் 948 கனசென்ரிமீற்றரில் இருந்து 1098 ஆனது. அதை வடிவம் பார்த்துச் சொல்ல முடியாது, பொனற்றைத் திறக்க வேண்டும். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த மெக்கானிக்மாருக்கு எந்த எஞ்சின் என்பதுதான் முக்கியமாக இருந்தது.

"பதிப்பாண்டு" எனக்கு மிகவும் பிடித்த சொல். சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் நல்லூர் நாவலரும் ஏடுகளைத் தேடித் திருத்திப் பதிப்பித்த மண்ணில் இருந்து எழுதுகிறேன், பிடிக்காமல் இருக்குமா? உவமையும் அச்சாகப் பொருந்துகிறது. ஒரு நூலின் திருத்திய பதிப்பு வேறு, அது அச்சகத்தில் ஓடிய நாள் வேறு. இரண்டு நாள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மருமகனிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். "2019 பதிப்பாண்டு" என்றேன். அவர் "2019இல பதிஞ்சதோ?" என்று கேட்டார். பதிவாண்டு, பதிப்பாண்டு: வாகன உலகில் அருகருகே நிற்கப்போகும் இரண்டு சொற்களுக்கு இடையில் இவ்வளவு சின்ன வேறுபாடு ஆபத்து. மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

தனி மடலில் ஒருவர் "திருத்தாண்டு" என்று எழுதியிருந்தார். பொருள் நெருக்கமானதுதான். ஆனால் இங்கே கார் திருத்துவது என்றால் பழுது பார்ப்பது. விற்கும் காருக்குத் திருத்தாண்டு போட்டால் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

என் முன்மொழிவு வகையாண்டு. வகை என்பதற்குள் வடிவமும் எஞ்சினும் கியரும் எல்லாம் அடங்கும். உற்பத்தி ஆண்டு, பதிவாண்டு இரண்டோடும் ஒலியில் மோதாது. இரைச்சலான கராஜிலும் காதில் விழுகிறது, சோதித்துப் பார்த்தேன். ஒரு குறை உண்டு: "என்ன வகைக் கார்?" என்று கேட்டால் வானா, ஜீப்பா என்ற பொருளும் வரும். ஆண்டோடு சேர்ந்து ஒரே சொல்லாக நிற்கும்போது அந்தக் குழப்பம் குறைகிறது என்பது என் எண்ணம். வேறு எண்ணமுள்ளவர்கள் எழுதுங்கள்.

மூன்று ஆண்டுகளையும் சேர்த்து மருமகனின் காரை இப்படிச் சொல்லலாம்: "உற்பத்தி 2018, வகையாண்டு 2019, முதற்பதிவு 2019." அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "ஓ, அது வேற கணக்கோ" என்றா.

இன்னொரு சொல்லும் வேண்டும். எல்லா மாற்றமும் வகையாண்டோடு வருவதில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இன் தொடக்க 1.6 லீற்றர் எஞ்சின்களில் உள்ளே சுழலும் கிராங்க் தண்டின் முன்முனை கட்டையானது. அந்த முனையில் பூட்டியிருக்கும் புல்லி தளர்ந்தால், அதைப் பிடிக்கும் கீ வெட்டு (தண்டில் உள்ள சிறு பள்ளம்) தேய்ந்து தண்டே கெட்டுப்போகும். 1991இன் நடுவில் மஸ்டா அதை நீள முனையாக மாற்றியது, வகையாண்டு மாறும்வரை காத்திருக்கவில்லை. ஆகவே 1991 காரை வாங்குபவர் எஞ்சின் இலக்கத்தைப் பார்க்க வேண்டும், அல்லது கிராங்க் போல்ற்றைச் சுற்றியுள்ள வெட்டுகளை எண்ண வேண்டும். நான்கு என்றால் கட்டை முனை, எட்டு என்றால் நீள முனை. ஆண்டுக்கு நடுவில் சத்தமில்லாமல் வரும் இந்த மாற்றத்தை "இடைமாற்றம்" என்று சொல்லலாமா? பாகப் பட்டியல்களில் இது அடிக்கடி வரும், அதனால் வகையாண்டோடு சேர்த்தே முடிவு செய்வது நல்லது.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதை அப்படியே விட்டிருக்கிறேன். விளையாட்டுக் கார் என்றால் பிள்ளைகள் கையில் உருட்டும் பிளாஸ்ரிக் கார்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

மருமகன் கே எழுத்துக் காரையே எடுத்திருக்கிறார். அடுத்த பருவத்துக்கான பாடக்குறிப்பில் வகையாண்டு என்று எழுத நினைக்கிறேன். சேர்த்து எழுதுவதா, "வகை ஆண்டு" என்று பிரித்து எழுதுவதா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
கோண்டாவிலில் இருந்து